கட்டம் போட்ட பெயிண்ட்

போர்ட்லெனி என்ற மீன்பிடி ஊரில் பட்டப்பெயர் இல்லாதவர்கள் இரண்டே வகை. கோடையில் கூடாரம் அடிக்க வருகிற வெளியூர்க்காரர்கள் ஒரு வகை. ஊர் இன்னும் தன் ஆளாக எண்ணிக்கொள்ளாதவர்கள் இன்னொரு வகை. அந்தக் கடற்கரையில் தடுக்கி விழுந்தால் ஸ்லேட்டர் குடும்பத்து ஆள் மேலோ கௌவி குடும்பத்து ஆள் மேலோதான் விழ வேண்டும். வால்டர் ஸ்லேட்டர் என்றே நாலு பேர் இருந்தார்கள். அதனால் தபால்காரரிலிருந்து பாதிரியார் வரை பட்டப்பெயரைச் சேர்த்துச் சொல்லித்தான் ஆளை அடையாளம் காண்பார்கள். அந்த நாலு வால்டரில் ஒருவனான, செங்காவின் புருஷன் வாட்டிக்குப் பெயர் 'கொட்டாவி'. இருபத்தெட்டு வருஷம் விடிய விடிய வலை இழுத்தவன் பகலில் கொட்டாவி விடாமல் என்ன செய்வான்? செங்காவுக்கு 'ஹாரன்'. பள்ளிக்கூடச் சமையலறை வாசலில் நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால் திடலின் அந்தக் கோடியில் பந்து உதைக்கிற பிள்ளைகள்கூடக் கையைக் கழுவிக்கொண்டு வரிசையில் வந்து நிற்கும்.

அந்த வீட்டில் பெயர் கிடைக்காமல் இருந்தவள் ரோனா ஒருத்திதான். பெற்றவளால் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று ஐந்து வயதில் அரசாங்கம் எடுத்து வளர்ப்பு வீட்டில் விட்ட பிள்ளை அவள். அங்கே சரிப்படவில்லை, இங்கே சரிப்படவில்லை என்று வீடு மாறி வீடு மாறி, பதினாலு வயதில் ஒரு மழை நாளில் செங்கா வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். அது ஏழாவது வீடு. இப்போது வயது பதினேழு. பள்ளியை முடித்துவிட்டுத் துறைமுகத்துப் படகுப் பட்டறையில் பெயிண்டர் வேலை பழகப் போய்க்கொண்டிருந்தாள். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் படிப்பிலோ தொழிலிலோ சேர்த்துவிடுவதற்கென்றே கவுன்சிலில் ஒரு பெண் இருந்தாள், எய்லி என்று. அவள்தான் அலைந்து திரிந்து அந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தாள். நாலு வாரம் வெள்ளோட்டம். பிடித்திருந்தால் ஐந்தாவது வாரத்து வெள்ளிக்கிழமை நாலு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் பக்கத்து நகரமான எல்ஜினில் கல்லூரி, மற்ற நாளெல்லாம் பட்டறை; வெள்ளோட்டத்திலும் அதேதான். இருபத்தொரு வயதில் கையில் ஒரு தொழில் இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருக்கும்போது, திங்கள்கிழமை சாயங்காலம், ரோனா தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்: "நான் கையெழுத்துப் போடலை, செங்கா. போனாப் போகுதுன்னு விட்டுடலாம்னு இருக்கேன்."

கொத்துக்கறிச் சட்டியைக் கையில் வைத்திருந்த செங்கா அதை அடுப்பிலேயே திரும்ப வைத்தாள்.

"ஏம்மா? வேலை கஷ்டமா இருக்கா?"

"இல்லங்க. வேலை புடிச்சிருக்கு."

"எர்ச்சி ஏதாச்சும் சொன்னானா?" எர்ச்சி பட்டறையின் மேஸ்திரி.

"அவர் ஒண்ணுமே சொல்றதில்ல. யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. எல்லாரும் ரொம்ப நல்லவங்களா இருக்காங்க."

வாட்டி ரொட்டியால் குழம்பைத் துடைத்துக்கொண்டே, "நல்லவங்களா இருக்கிறது ஒரு குத்தமா? எங்க படகுல ஒருத்தன் நல்லவனா இருந்தான். அவனும் ரெண்டு மாசத்துல பேங்கு வேலைக்குப் போயிட்டான்" என்றான்.

ரோனா சிரிக்கவில்லை. மேஜைமேல் இருந்த உப்பு டப்பாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினாள். அவளிடமிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வருவது அபூர்வம். அன்றைக்கு வந்தது.

"ஆங்கஸும் நானும் ஒரே நாள்ல சேந்தோம். மொத நாளே அவனைக் கூப்பிட்டு, 'ஸ்டோர்ல போய் ஒரு டப்பா கட்டம் போட்ட பெயிண்ட் வாங்கிட்டு வா'ன்னு அனுப்பினாங்க. செவப்பும் பச்சையுமா, ஆம்பளைங்க கட்டுற கில்ட் பாவாடையில குலத்துக்கு ஒண்ணா இருக்குமே, அந்தக் கட்டம். அந்த மடையனும் போனான். ஸ்டோர்ல நார்மன் 'எந்தக் குலத்துக் கட்டம்டா வேணும்?'னு கேட்டு அடுத்த ஷெட்டுக்கு அனுப்பினாரு. அங்கேர்ந்து ஐஸ் பேக்டரி. அங்கேர்ந்து துறைமுக ஆபீஸ். சோத்து வேளை வரைக்கும் ஊரைச் சுத்திட்டு வந்தான். எல்லாரும் உருண்டு உருண்டு சிரிச்சாங்க. இப்ப அவனுக்குப் பேரு 'கில்ட்டு'. அவன் அம்மாகூட அப்படித்தான் கூப்பிடுறாங்களாம்."

"சரி" என்றாள் செங்கா.

"என்னை யாரும் எதுக்கும் அனுப்பலை. போன வாரம் அஞ்சு லிட்டர் டப்பாவை நான் தட்டி விட்டுட்டேன். படகுக்கு அடியில அடிக்கிற பெயிண்ட், அத்தனையும் தரையில. எர்ச்சி வந்து பாத்துட்டு, 'பரவாயில்லம்மா, போய் ஒரு டீ குடி'ன்னாரு. ஆங்கஸ் ஒரே ஒரு பிரஷ்ஷைக் கழுவாம வச்சதுக்கு அவன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டினாரு."

"அது வந்து..."

"எனக்குத் தெரியுங்க. போகப்போற ஆள்கிட்டத்தான் அப்படிப் பேசுவாங்க. ஆறு வீட்டுல கேட்டிருக்கேன். 'பரவாயில்லம்மா'ன்னு மெதுவா சொல்வாங்க. மறு வாரம் என்னை வேற வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வாசல்ல கார் வந்து நிக்கும். அவங்களா சொல்றதுக்கு முன்னாடி நானே போயிடுறேன்."

சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டு மாடிக்குப் போனாள். செங்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். வாட்டி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ என்ன பண்ணி வச்சிருக்கே?" என்றான். முப்பத்து நாலு வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு அந்த முகம் தெரியாதா?

செங்கா பண்ணியது இதுதான். ரோனா வேலைக்குச் சேர்வதற்கு ஒரு வாரம் முன்பு, பாலும் சர்க்கரையும் வெண்ணெயும் காய்ச்சி ஒரு டப்பா நிறைய மிட்டாய் செய்து எடுத்துக்கொண்டு, அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் எர்ச்சி வீட்டுக்குப் போனாள். பிள்ளை ஏழு வீடு பார்த்தவள், ஐந்தாவது வீட்டில் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் யாரோ கேலி பண்ணினார்கள் என்று மழையில் ஒன்பது மைல் நடந்தே போய்விட்டவள், அதனால் பட்டப்பெயர் கூடாது, கட்டம் போட்ட பெயிண்ட் கூடாது, அதட்டல் கூடவே கூடாது என்று சொல்லி வாக்கு வாங்கிக்கொண்டு வந்தாள். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் அன்று அவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

செவ்வாய்க்கிழமை கடலிலிருந்து மூடுபனி ஏறி ஊரையே மூடிவிட்டது. மே மாதத்தில் அங்கே அப்படித்தான். மேட்டுத் தெருவில் வெயில் காயும், துறைமுகத்தில் முன்னால் போகிறவன் முதுகு தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு செங்கா பட்டறைக்கு நடந்தாள். அன்றைக்கு ரோனாவுக்குக் கல்லூரி நாள் என்பது அவளுக்குத் தெரியும். பின்பக்கக் கதவருகே எர்ச்சி ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"எர்ச்சி, ஒரு உபகாரம் பண்ணணும். அந்தப் புள்ளையக் கொஞ்சம் திட்டு."

"என்னது?"

"திட்டு. கேலி பண்ணு. எங்கயாச்சும் வேலையத்த வேலைக்கு அனுப்பு. என்ன வேணாலும் பண்ணு."

எர்ச்சி டீயைக் கீழே வைத்தான். "மிட்டாய் டப்பாவோட என் வீட்டு வாசல்ல வந்து நின்னது யாரு?"

"நாந்தான்."

"ஒரு வார்த்தை ஒரக்கப் பேசினே, உன்னைப் புழுவாட்டம் தூண்டில்ல கோத்துருவேன்னு சொன்னது யாரு?"

"அதுவும் நாந்தான். மிட்டாயைத் தின்னேல்ல?"

"தின்னேன். அதான் அஞ்சு வாரமா தொண்டையில நிக்குது. நீ வந்துட்டுப் போன மறுநா எய்லி வந்தா. பதினாலு பேரையும் உக்கார வச்சு, ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, பிஸ்கட் கொடுத்து, ஒண்ணரை மணி நேரம் பேசினா. திடுதிப்புனு சத்தம் போடக் கூடாது, பின்னால வந்து நிக்கக் கூடாது. படகுப் பட்டறையில சத்தம் கூடாதாம். நல்ல புள்ளதான் எய்லி, அவளைக் குத்தம் சொல்லலை. நார்மன் அன்னைலேர்ந்து ஸ்டோர் கதவைக்கூடத் தொட்டில்ல புள்ள தூங்குற மாதிரி சாத்துறான். அவ உள்ள வந்தா பேச்சு நின்னுபோகுது. பாதிரியார் வந்த சாராயக்கடை மாதிரி இருக்குடி. எங்களுக்கே மூச்சு முட்டுது."

"அப்ப நிறுத்துங்க. நாளைலேர்ந்து..."

"சொல்லி வச்சுக் கேலி பண்ண முடியுமா, செங்கா? தும்மல் மாதிரி அது, தானா வரணும். நாளைக்கு நான் போய்த் திட்டினா அவளுக்குத் தெரியாதா, யாரோ சொல்லித் திட்டுறான்னு? அவ கண்ணு சும்மா கண்ணா? இங்க வா."

அவளைக் கூட்டிக்கொண்டு போய், சறுக்குத் தளத்தில் ஏற்றி நிறுத்தியிருந்த ஒரு படகின் பக்கவாட்டைக் காட்டினான். அடியில் சிவப்பு, மேலே கறுப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு முன்னாலிருந்து பின்னால் வரை பனிக்குள் போய் மறைந்தது.

"டேப் ஒட்டாம, வெறும் பிரஷ்ஷால போட்டது. எனக்கு ஆறு வருஷம் ஆச்சு அந்தக் கை வர. அவ மூணாவது வாரம் போட்டா. பாவம் பாத்து அவளை வச்சிருக்கேன்னு நெனைக்காதே. எனக்கு அவ வேணும். அவகிட்ட நான் எதைச் சொன்னாலும் அந்தத் தாளைப் பாத்துச் சொல்ற மாதிரி இருக்கும். கெடுத்தது நீ, நீயே போய்ச் சொல்லு."

பட்டறையிலிருந்து வீடு வரை செங்கா தன்னைத்தானே வைதுகொண்டு வந்தாள். அன்றைக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. எல்ஜின் பஸ் தாமதமாக வந்தது, பிள்ளை களைத்திருந்தாள் என்று சாக்கு வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் இரண்டு பேருமாக உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்கள். மிஞ்சின ஆட்டுக்கறியோடு கிழங்கையும் வெங்காயத்தையும் போட்டு வேகவைப்பதாக ஏற்பாடு. செங்கா கிழங்கைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மிட்டாய் டப்பா, எர்ச்சியிடம் வாங்கிக்கொண்ட வாக்கு, எதையும் மறைக்கவில்லை. ரோனா கையிலிருந்த கிழங்கை முழுசாகச் சீவி முடித்தாள்.

"ஏழு வீடுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நான் நடந்து போனது?"

"அதையும் சொன்னேன்டா கண்ணு. உன்னை யாரும் நோகடிச்சிரக் கூடாதேன்னு... தப்புப் பண்ணிட்டேன்."

ரோனா கத்தியைக் கழுவி அதன் இடத்தில் வைத்தாள். "பரவாயில்ல செங்கா" என்று மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மேலே இழுப்பறை திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும் கேட்டது. செங்கா சமையலறையிலேயே நின்று ஒவ்வொரு சத்தத்தையும் எண்ணினாள். வாட்டி வந்து வெந்துகொண்டிருந்த சட்டியைக் கிளறிவிட்டான்.

"ஒரு சண்டையாச்சும் போட்டிருக்கலாம். 'ஏன் சொன்னே'ன்னு கேட்டிருக்கலாம்" என்றாள் செங்கா.

"எங்க போடுவா? இந்த வீட்டுல சண்டைக்கு எடம் வச்சியா நீ?"

"நான் என்ன பண்ணினேன்?"

"நம்ம பையன் கிரெய்க் இங்க இருந்தப்ப, சாக்ஸை மாடிப்படியில போட்டான்னு அவனை நீ போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கடியில போய் ஒளிஞ்சுது. இவளை மூணு வருஷத்துல ஒரு தடவை அதட்டியிருக்கியா? ஊருக்கெல்லாம் ஹாரன், இவளுக்கு மட்டும் ஆஸ்பத்திரி நர்ஸ். எர்ச்சியை என்னத்துக்குச் சொல்றே?"

"எப்படி மனுசா அதட்டுறது? அதட்டினா போயிருவாளோன்னு பயமா இருக்கு."

வாட்டி மூன்று தட்டு எடுத்து வைத்தான். ரோனா இறங்கி வந்து, எதுவும் நடக்காததுபோல் சாப்பிட்டு, நன்றாக இருந்தது என்று நன்றியும் சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை செங்கா எழுந்து பார்த்தபோது ரோனா கிளம்பிப் போய்விட்டிருந்தாள். அறைக்குள் எட்டிப் பார்த்தாள். துணிமணியெல்லாம் இருந்தது. அதனால் ஒன்றும் தீர்மானமாகத் தெரியவில்லை, ஒன்பது மைல் நடந்தபோதும் அவள் துணியை எடுத்துக்கொண்டா போனாள்? பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு இருநூறு பிள்ளைகளுக்கான கஸ்டர்டு அடிப்பிடித்தது. பதினாறு வருஷத்தில் அப்படி ஆனதில்லை.

இரண்டு மணிக்கு வாட்டி சமையலறைப் பின்வாசலில் வந்து நின்றான். முழங்கால் வலிக்காரன் மேட்டுத் தெரு ஏறி வந்திருக்கிறான் என்றதும் செங்கா கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். அவன் பேச வாயெடுத்தான், முடியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மனுசா? சொல்லித் தொலை."

"காலைல உன் புள்ள ஸ்டோருக்குப் போயிருக்கா. நார்மன்கிட்ட, மொகத்துல ஒரு சுருக்கம் இல்லாம, 'எர்ச்சி ரெண்டு லிட்டர் கட்டம் போட்ட பெயிண்ட் கேட்டாரு'ன்னிருக்கா."

"அய்யோ."

"நார்மனுக்கு வேர்த்துப்போச்சு. சிரிக்கக் கூடாதுன்னு தாள்ல இருக்கு. இல்லைன்னு சொன்னா புள்ள மனசு ஒடஞ்சிருமோன்னு பயம். 'இரும்மா, பாக்குறேன்'னு அலமாரி அலமாரியா தேடியிருக்கான். இவ விடுவாளா? 'அவசரமாம், ஸ்லேட்டர் குலக் கட்டம்தான் வேணுமாம்'னு நிக்கிறா. அடுத்த ஷெட்டுக்கு ஓடியிருக்கான். திரும்பி வந்து, 'சரக்குத் தீந்துபோச்சும்மா, செவ்வாக்கெழமை வந்துரும்'னிருக்கான். இவ, 'அப்பக் கோடு போட்டதாவது குடுங்க'ன்னிருக்கா."

செங்கா ஏப்ரன் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேளு, இன்னும் இருக்கு. எல்ஜின்ல பெயிண்டுக் கடைக்குப் போன் போட்டுட்டான் நார்மன். ஆபத்துக்குப் பாவமில்லைன்னு, 'உங்ககிட்ட கட்டம் போட்டது இருக்கா?'ன்னு அவங்களைக் கேட்டுக்கிட்டிருக்கான். கதவுக்குப் பின்னால பதிமூணு பேரு. ஆங்கஸு சிரிச்சுச் சிரிச்சு மூச்சு நின்னு தரையில உக்காந்துட்டான். நாலு வாரத்துச் சிரிப்பு மொத்தமும் ஒரே நாள்ல வெளிய வந்திருக்கு. கடைசியில எர்ச்சி வந்து கத்தினானாம் பாரு, 'வேலை நேரத்துல என்னடி வெளையாட்டு, ஏணியில ஏறுடி கழுதை'ன்னு. துறைமுகம் பூரா கேட்டுது. நானே கேட்டேன்."

"அவ என்ன பண்ணினா?"

"ஏணியில ஏறினா. நார்மனுக்கு இனிமே 'செவ்வாக்கெழமை'ன்னுதான் பேரு. அவளுக்கும் ஒண்ணு வச்சுட்டாங்க."

"என்னன்னு?"

"பள்ளிக்கூடத்துல நின்னு சொல்ற பேரில்ல அது."

"கையெழுத்துப் போடுறாளாமா?"

வாட்டியின் சிரிப்பு அடங்கியது. "அதை யாரு கேக்கிறது? அவளும் சொல்லலை" என்றான்.

அன்று சாயங்காலமும் ரோனா ஒன்றும் சொல்லவில்லை. செங்காவுக்குக் கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள். பட்டறையில் பிள்ளை தன் கணக்கைத் தானே நேர் செய்துகொண்டாள். வீட்டுக் கணக்கு அப்படியேதான் கிடந்தது.

வெள்ளிக்கிழமை பனி விலகி மழை பிடித்தது. செங்கா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். ஐந்தரைக்கு வாசல் கதவு திறந்தது. கூடத்தைக் கடந்து காலடிச் சத்தம் வந்து சமையலறை வாசலில் நின்றது. செங்கா திரும்பினாள். முதலில் ரோனாவின் முகத்தைத்தான் பார்க்க நினைத்தாள். கண் தரைக்குப் போய்விட்டது. வாசலிலிருந்து சமையலறை வரை, சாம்பல் நிறக் கம்பளத்தில், ஈரமான ரெட் ஆக்சைடு பெயிண்டில், பூட்ஸ் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது.

"ஏய், கண்ணைப் பொடனியிலயா வச்சிருக்கே? கழட்டுடி அந்த பூட்ஸை. வெளியில மிதியடின்னு ஒண்ணு கெடக்கே, அது என்ன அழகு பாக்கவா? போன ஈஸ்டருக்குப் போட்ட கம்பளம்டி அது. பன்னிக்கூடத்துல வளந்தவகூட வாசல்ல காலைத் தொடச்சுட்டு வருவா, நீ என்னமோ மகாராணி ஊர்வலம் போற மாதிரி நேரா அடுப்படிக்கு வந்து நிக்கிறே."

பக்கத்து வீட்டு நாய் ஒரு தடவை குரைத்துவிட்டு அடங்கிவிட்டது. முன்னறையில் வாட்டி பேப்பரைக் கீழே இறக்கினான். செங்கா கரண்டியோடு நின்றாள். சட்டியில் மீன் கருகிக்கொண்டிருந்தது, அதை எடுக்கவும் தோன்றவில்லை. சொன்னதையெல்லாம் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியுமானால் போட்டுக்கொண்டிருப்பாள்.

ரோனா தன் பூட்ஸைப் பார்த்தாள். பின்னால் திரும்பித் தடத்தைப் பார்த்தாள். காது மடல் சிவந்துவிட்டது.

"கத்தாதே செங்கா. நீ போட்ட சத்தத்துல கடல்ல போன படகெல்லாம் கரைக்குத் திரும்பிடும்."

பூட்ஸைக் கழற்றி வாசலுக்கு வெளியே வீசினாள். வேலைப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டில் டர்பெண்டைனும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு வந்து கம்பளத்தில் மண்டியிட்டாள். கோபமாகத்தான் தேய்த்தாள். தேய்க்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு.

"என்னடி முணுமுணுக்கிறே? ஒரக்கச் சொல்லு."

"ஒண்ணுமில்ல. நாலு வருஷத்துக்கு இப்பத்தான் கையெழுத்துப் போட்டுட்டு வரேன். நாலு வருஷமும் இந்த வாயைக் கேட்டுக்கிட்டு இங்கயே கெடக்கணுமேன்னு சொன்னேன்."

செங்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கருகின மீனைப் புரட்டிப் போட்டாள்.

"கெடக்கணும்" என்றாள். "அந்தக் கதவு மூலையிலயும் இருக்கு பாரு, நல்லா அழுத்தித் தேய்."